எழுத்தளவு, எழுத்திடைவெளி, வாசிப்பு வேகம்: ஒரு மதிப்பீடு

எழுத்திடைவெளி என்பது ஒரு சொல்லில் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகளுக்கு நடுவே விடப்படும் இடமாகும். எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளியையும் கூட்டினால் எவரும் விரைவாகப் படிப்பர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வு முடிவுகள் இதனை ஓரளவே ஆதரிக்கின்றன.

எழுத்தளவு

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் லெக் குழுவினர் இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்தவர்கள். மிகச் சிறிய எழுத்தில் வாசிப்பு தடுமாறுகிறது. அளவு கூடக்கூட வேகமும் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தொட்டதும் ஏற்றம் நின்றுவிடுகிறது. எழுத்து மிகவும் பெரிதானால் வேகம் மீண்டும் இறங்குகிறது. இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு அது உயர்ந்திருக்கும். ஒரே எழுத்தை இரு மடங்கு தொலைவில் வைத்தால் கண்ணுக்குப் பாதியளவாகவே தெரியும். ஆகவே, படிக்கும் தொலைவைக் குறிப்பிடாமல் "இத்தனை புள்ளி எழுத்து போதும்" என்று விதிப்பது பொருந்தாது.

எழுத்திடைவெளி

பக்கத்து எழுத்துகள் நெருங்கி நின்று ஓர் எழுத்தை அடையாளம் காணவிடாமல் செய்வது 'நெரிசல் விளைவு' எனப்படும். ஹெர்மன் பௌமா 1970இல் இதனை அளந்து காட்டினார். 2012இல் மார்கோ சோர்சி குழுவினர், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உடைய 34 இத்தாலியக் குழந்தைகளையும் 40 பிரெஞ்சுக் குழந்தைகளையும் சோதித்தனர். 14 புள்ளி எழுத்தில் இடைவெளியை 2.5 புள்ளி கூட்டியபோது பிழைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வேகம் 20 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. பயிற்சி எதுவும் தராமலே கிடைத்த பலன் என்பது இந்த ஆய்வின் பெருஞ்சிறப்பு.

குறைகள்

இந்த ஆய்வில் வழக்கமான இடைவெளியும் கூட்டிய இடைவெளி ஒன்றும் மட்டுமே ஒப்பிடப்பட்டன. எனவே எவ்வளவு இடைவெளி சிறந்தது என்பதற்கு இதில் விடை இல்லை. சோதனைக்குத் தரப்பட்டவை சிறு வாக்கியங்கள். முழுப் பாடப் பக்கத்தில் இடைவெளி கூடினால் வரிக்குச் சொற்கள் குறையும். கண் அடிக்கடி அடுத்த வரிக்குத் தாவ வேண்டிவரும். குறைபாடு இல்லாத வாசகர்களுக்கு இடைவெளியைக் கூட்டுவதால் வேகம் உயரவில்லை என்று சூசானா சுங் 2002இலேயே காட்டியிருந்தார்.

தமிழுக்குப் பொருந்துமா?

சோர்சி குழுவினர் சோதித்தவை உரோமன் எழுத்தில் அமைந்த மொழிகள். தமிழில் 'கொ' என்பது ஓர் எழுத்து. ஆனால் கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று உருவங்களால் ஆனது. பழைய எழுத்துருக் குறியீடுகளில் இவை தனித்தனிக் குறிகளாக இருந்தன. அவ்வுருவங்களுக்கு இடையே வெளி விட்டால் எழுத்தே உடையும். துணைக்கால் விலகி நின்றால் ரகரம்போல் தோன்றும். 'காடு' என்பதைக் குழந்தை 'கரடு' என்று படிக்கக்கூடும். முழு எழுத்துகளுக்கு இடையே மட்டும் வெளி விடுவதே தமிழுக்கு ஏற்ற முறை.

மதிப்பீடு

இடைவெளி என்பது தேவைப்படும் குழந்தைக்குத் தர வேண்டிய உதவி. எல்லாருக்கும் பொதுவான விதியன்று. மெதுவாகப் படிக்கும் குழந்தையை மந்தம் என்று முடிவுகட்டும் முன், அதன் கையிலுள்ள பக்கத்தை மாற்றிப் பார்ப்பதற்கு இந்த ஆய்வுகள் போதிய காரணம் தருகின்றன. பாடநூல்களின் அமைப்பையே மாற்றுவதற்கு, தமிழ்க் குழந்தைகளிடம் தமிழ் எழுத்தைக் கொண்டே சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.