எலியின் வெற்றி யாருடையது?

வலியவனை எளியவன் வெல்லுங் கதையென்றே 'ரொம் அன்ட் ஜெரி' படங்களைப் பாராட்டுவது வழக்கம். முற்போக்கு எண்ணங்கொண்ட நண்பர்கள்கூட எலியின் பக்கம் நின்று கைதட்டி, அதனைப் பாட்டாளியின் வெற்றியாக்கி விடுகின்றனர். முதற்படத்தையாவது அவர்கள் ஊன்றிப் பார்த்தல் நன்று.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தில் ஆக்கிய அப்படம் 1940 பெப்ரவரியில் வெளிவந்தது. (படத்தின் முகப்பிலோ தயாரிப்பாளர் ருடொல்வ் ஐசிங்கின் பெயர் மட்டுமே உண்டு.) பெயர் 'புஸ் கெற்ஸ் த பூட்', வேலையினின்று துரத்தப்படுவதை ஆங்கிலப் பேச்சுவழக்கில் அவ்வாறு கூறுவர். எலியைத் துரத்திய பூனை பூச்சாடியொன்றை உடைத்துவிடுகிறது. இன்னுமொரு பொருள் உடைந்தால் வெளியே போகவேண்டியதுதான் என்கிறாள் வேலைக்காரி. இதனை அறிந்த எலி, மேசை விளிம்பில் மதுக்கிண்ணமொன்றை ஏந்தி, கீழே போடப்போவதாக மிரட்டுகிறது. பாய வந்த பூனை அசையாது நின்றுவிடுகிறது.

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நகமும் பல்லும் உடைய பிராணி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் முன் நடுங்குகிறது. விழும் பீங்கான்களை ஓடியோடிப் பிடிக்கும் அதன் பதற்றத்தை எவ்வளவு நுட்பமாகத் தீட்டியிருக்கிறார்கள்! ஆனால், எலியின் பலம் யாது? வெளியேற்றும் அதிகாரத்தின் பலமே. எசமானின் சட்டத்தைக் கையிலெடுத்தே அது வெல்கிறது. ஈற்றிற் பூனை துரத்தப்பட, எலி தன் வளைவாயிலில் 'இனிய இல்லம்' என்ற பலகையை வைக்கிறது.

அந்த எசமான் படத்தில் தோன்றுவதேயில்லை. தோன்றுபவள் கறுப்பினத்து வேலைக்காரி. அவளுக்கோ முகமில்லை; கால்களும் உடையும், நடிகை லில்லியன் ரண்டொல்வின் குரலுமே உண்டு. 'வெளியே' என்ற ஆங்கிலச் சொல்லை அவள் பிழையாக எழுத்துக்கூட்டுகிறாள். அதற்கும் நாம் சிரிக்க வேண்டுமாம்! ஒரு பீங்கான் உடைந்தால் அவளும் யாருக்கோ கணக்குச் சொல்லவேண்டியவள்தானே? பூனையின் அச்சத்தை அத்தனை நுட்பமாக வரைந்த கைகள் அவளது அச்சத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

அதே மாதம் 29ஆந் திகதி, அந்நிறுவனம் விநியோகித்த 'கோன் வித் த விண்ட்' படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹட்டி மக்டானியல், ஒஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். விழா மண்டபத்தில் அவருக்குப் புறம்பாக மேசை போட்டிருந்தனர். முகங் காட்டி நடித்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இத்தகைய பாத்திரங்களைக் கறுப்பின மக்களின் அமைப்புகள் கண்டித்தன. 1952க்குப் பின் ஹன்னாவும் பார்பெராவும் ஆக்கிய படங்களில் அவள் வரவில்லை. 1960களிலோ, தொலைக்காட்சிக்காகப் பழைய படங்கள் சிலவற்றில் அவளை நீக்கி, வெள்ளைக்காரி ஒருத்தியை வரைந்து சேர்த்தனர். ரண்டொல்வின் குரலும் அவற்றிலிருந்து அகற்றப்பட்டது.