நெறி கட்டும்போது

தொண்டை வலிக்கும் நாளில் தாடைக்கடியில் விரல் வைத்தால் கோலிக்குண்டாய் ஏதோ உருளும். நெறி கட்டியிருக்கிறது என்போம். அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.

உள்ளே கிருமிகளோடு போராடும் டி செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. ஓய்வில் இருக்கும் டி செல், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பொடி. தனக்குரிய கிருமித் துணுக்கை அதன் மேற்புற ஏற்பி அடையாளம் கண்டாலும் உடனே பெருகிவிடாது. சிடி28 என்ற இன்னொரு ஏற்பியும் சம்மதிக்க வேண்டும். இந்த நிதானம்தான் எத்தனை அழகு!

பிறகு இன்டர்லியூக்கின்-2 என்ற வளர்ச்சிப் புரதத்தைச் செல் தானே சுரக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பியில் ஏற்கெனவே பீட்டா, காமா என இரண்டு சங்கிலிகள். இப்போது ஆல்ஃபாவும் வந்து சேர, முன்பு நழுவிப்போனது இறுகப் பற்றப்படுகிறது. தானே உலை வைத்து, தானே இலை போட்டு உட்காருவதுபோல. செல் பருக்கிறது, ஒரே நாளில் இரண்டு மூன்று முறைகூடப் பிளக்கிறது.

காமா சங்கிலி பழுதானால், டி செல்கள் அநேகமாக இல்லாமலே ஆண் குழந்தைகள் பிறக்கிறார்கள். சாதாரணச் சளிகூட அவர்களுக்கு உயிராபத்து. அந்த மரபணுக் கோளாறு 1993இல் தெரியவந்தது. டி செல்களே இல்லாமல்போவது ஏன் என்றால், அதே சங்கிலி இன்டர்லியூக்கின்-7 ஏற்பியிலும் இருக்கிறது. தைமஸ் சுரப்பியில் இளம் டி செல்களை வளர்த்தெடுப்பது அந்த ஏற்பிதான்.