கட்டியக்காரனும் கலைவாணரும்: தமிழ்த் தனியாள் நகைச்சுவை மேடையின் உருவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தனி ஒருவர் மேடையில் நின்று அவையோரிடம் நேரடியாகப் பேசிச் சிரிக்கவைக்கும் கலை, இன்று ‘ஸ்டாண்ட்அப் காமெடி’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. இக்கலை ஆங்கிலவழி நகர வாழ்க்கையிலிருந்து தமிழுக்கு வந்த புதுவரவு என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் (1908–1957) வாழ்வையும், அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தையும் முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. கதை சொல்பவருக்கு உரிய மதிப்பையும் கூத்துக் கட்டியக்காரனுக்கு உரிய உரிமையையும் ஒருவரிடத்தே இணைத்ததே கலைவாணரின் பங்களிப்பு என்றும், இன்றைய தனியாள் நகைச்சுவையை மதிப்பிட அவ்விணைப்பே ஏற்ற அளவுகோல் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தனியாள் நகைச்சுவை, கட்டியக்காரன், கதாகாலட்சேபம், கிந்தனார், எள்ளல், மெய்ப்பாட்டியல்

முன்னுரை

தமிழ் நகைச்சுவை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கிய நகைச்சுவை, திரைப்பட நகைச்சுவை என்னும் இரு பிரிவுகளுள் அடங்கிவிடுகின்றன. அவையோரை நேர்நோக்கிப் பேசும் தனியாள் நகைச்சுவை, இவ்விரண்டிலும் இடம்பெறாமல் விடுபட்டுப்போகிறது. இதனால் அண்மைக்கால மேடை நகைச்சுவையாளர்களைப் பற்றி எழுதுவோர், அமெரிக்க, ஆங்கிலேய முன்னோடிகளிலிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குகின்றனர். பெயர் வெளியிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கலையும் அவ்வாறே வந்ததா என்பதே ஆய்வுக்குரிய வினா. இவ்வினாவுக்கு விடைகாண, அரங்கத்திற்கு முன் கோயில் திடலை நோக்க வேண்டியுள்ளது. நெசவுத்தொழில் மிகுந்த ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை உள்ளடக்கிய தொண்டை மண்டல ஊர்களின் பாரத விழா, இவ்வாய்வின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது.

பாரத விழாவின் இருவகைப் பேச்சாளர்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழா, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் நிறைவுறுவது வழக்கம். விழா நாள்களில் பகற்பொழுதில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். ஒரே கதை ஒரே ஊராருக்கு இருமுறை சொல்லப்படுகிறது. ஆயின் சொல்பவரின் நிலை முற்றிலும் வேறானது.

பகலில் பேசும் பிரசங்கியார் மதிப்புக்குரியவர். பாடலைச் சொல்லிப் பொருள் விரித்து அறம் உரைப்பது அவர் பணி. இடையிடையே ஊர்க்கதை ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்தாலும், அச்சிரிப்பு அறவுரைக்குத் துணையாகவே நிற்கும். இரவில் தோன்றும் கட்டியக்காரனோ எவருடைய மதிப்புக்கும் கட்டுப்பட்டவன் அல்லன். திரைக்குப் பின் நிற்கும் அரசனை நோக்கி ‘நீ யார்?’ என வினவுவான். அவன் சொல்லும் விடையைத் திரித்துக் கேலி செய்வான். சேவகனாகவும் தூதுவனாகவும் ஊர்க்குடியானவனாகவும் நொடிப்பொழுதில் மாறுவான். கதையை விட்டு வெளியே வந்து, முன்வரிசையில் அமர்ந்திருப்பவரிடம் அன்றைய ஊர்ச்செய்தியைப் பேசுவான்.

இவ்விரு பேச்சாளர்களுக்கும் தனித்தனிக் குறைபாடு உண்டு. பிரசங்கியார் தனியே நின்று நெடுநேரம் பேச இயலும். ஆனால் அதிகாரத்தைக் கேலி செய்யும் உரிமை அவருக்குக் குறைவு. கட்டியக்காரனுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் கதை அவனுடையது அன்று. அரசனின் கதையில் இடைவெளி கிடைக்கும் பொழுதே அவன் பேச இயலும். அரசனை நகையாடிய பின்னரும் அரசனின் கதையே தொடர்ந்து நடக்கும். ஆகவே கட்டியக்காரனின் எள்ளலுக்கு உரிமை உண்டு, விளைவு இல்லை எனலாம். இவ்விருவரையும் ஒருவராக்கும் முயற்சியே தமிழில் தனியாள் நகைச்சுவை உருப்பெற்ற இடம்.

நகையின் திசை: மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கினைச் சுட்டுகிறது. அவற்றுள் எள்ளலும் மடனும் இங்குக் கருதத்தக்கன. உரையாசிரியராகிய பேராசிரியர், எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காண்கிறார்: ஒருவன் பிறரை இகழ்ந்து நகுதல் ஒன்று, பிறரால் தான் இகழப்பட்ட பொழுது தானே நகுதல் மற்றொன்று. நகைக்கும் அதன் இலக்குக்கும் இடையே உள்ள உறவை இப்பகுப்பு தெளிவுபடுத்துகிறது. தனியாள் நகைச்சுவையாளர் தம் தோற்றம், ஊர், பேச்சு ஆகியவற்றைத் தாமே கேலி செய்துகொள்வது மேலைநாட்டு உத்தியாகப் பேசப்படுகிறது. அவ்வுத்தியை விளக்கப் பேராசிரியரின் இரண்டாம் வகையே போதுமானது.

இப்பகுப்பிலிருந்து ஒரு திறனாய்வு வினாவையும் வகுத்துக்கொள்ளலாம். இகழப்பட்டவர் நகும்பொழுது அந்நகை இகழ்ந்தவரை நோக்கித் திரும்புகிறதா, அன்றி இகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு அடங்கிவிடுகிறதா? கலைவாணரின் படைப்பை இவ்வினாவோடு அணுகுவது பயன்தரும்.

கலைவாணரின் வாழ்வும் பயிற்சியும்

என்.எஸ்.கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. தாழ்த்தப்பட்டோர் கோயில் நுழைவுக்கு அவ்வரசு ஆணை பிறப்பித்தது 1936இல்தான் என்பதை நோக்க, அவர் வளர்ந்த சூழலின் சாதி இறுக்கம் புலப்படும். அதே மண் வில்லுப்பாட்டுக்கும் பெயர்பெற்றது. ஒருவர் முன்னின்று கதைசொல்ல, உடனிருப்பவர் ஆமாம் போட்டு வினாவெழுப்பும் அக்கலைவடிவம், பேச்சையும் பாட்டையும் நகையையும் ஒருங்கே கற்றுத்தரும் பள்ளியாகும். பிற்காலத்தில் வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் கலைவாணரே என்பது இத்தொடர்பை உறுதிசெய்கிறது.

இளமையில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிப்புப் பயிற்சி பெற்றார். ‘மேனகா’ (1935), ‘சதி லீலாவதி’ (1936) ஆகிய படங்களின் வழித் திரையுலகில் அடியெடுத்துவைத்தார். டி.ஏ.மதுரத்துடன் இணைந்து, மையக் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் செல்லும் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்து நடித்தார். திரைப்படத்துக்குள் அமைந்த இந்நகைச்சுவைப் பகுதி, கூத்தில் கட்டியக்காரனுக்குக் கிடைத்த இடைவெளியை ஒத்தது. கதை பிறருடையது, அவருக்கு உரியது இடைவெளி மட்டுமே.

1944 நவம்பரில் நிகழ்ந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை தொடர்பாக, எம்.கே.தியாகராஜ பாகவதருடன் இவரும் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறுவிசாரணைக்கு உள்ளாகி, 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். அவர் சிறையிலிருந்த காலத்தில் மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினர். விதவை மறுமணத்தைப் பேசிய ‘பைத்தியக்காரன்’ (1947) அம்முயற்சியின் விளைவாகும். சிறையிலிருந்து மீண்ட தியாகராஜ பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலையை எட்டவில்லை. கலைவாணரோ முன்னினும் கூர்மையான சமூக விமர்சனத்தோடு திரும்பினார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவோர், அவர் கைக்கொண்ட வடிவத்தையும் கருத வேண்டும். காதல் நாயகனின் மேன்மை களங்கத்தால் குன்றும். இகழப்பட்ட நிலையிலிருந்து பேசும் நகைச்சுவையாளனுக்கு அக்களங்கமே பேசுபொருளாகக்கூடும்.

கிந்தனார்: கதைசொல்லியும் கட்டியக்காரனும்

தமிழ்க் கதாகாலட்சேபம், மராத்தியக் கீர்த்தன மரபை உள்வாங்கித் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரால் (1841–1903) செம்மை பெற்ற கலை. முதன்மைக் கதையும் கிளைக்கதையும் பாட்டும் வசனமும் கலந்து ஒருவரே அவையைக் கட்டிவைப்பது அதன் இயல்பு. அம்மேடையில் பெரிதும் விரும்பப்பட்ட கதைகளுள் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் ஒன்று. அதனைப் பகடியாக்கி உடுமலை நாராயணகவி எழுத, கலைவாணர் மேடைகளில் நிகழ்த்தியதே ‘கிந்தனார்’. பின்னர் அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ (1949) படத்திலும் அது இடம்பெற்றது.

கதையமைப்பில் இரு சரிதங்களும் அடிக்கு அடி எதிரொலிக்கின்றன. நந்தன் தில்லையைக் காண ஏங்குகிறான். கிந்தன் கல்வியை நாடி ஏங்குகிறான். நந்தனின் பயணம் சிதம்பரத்துக்கு. கிந்தனின் பயணம் ரயிலில் சென்னைக்கு. எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் ரயில், கோயில் செய்யாததைச் செய்யும் ஊர்தியாகப் போற்றப்படுகிறது. நந்தன் தீயுள் மூழ்கி, பூணூல் விளங்கும் முனிவர் வடிவோடு எழுந்த பின்னரே இறைவனைக் காண்கிறான். கிந்தன் எத்தீயிலும் இறங்குவதில்லை. கற்று, கல்வித்துறை அதிகாரியாகி, தன்னைத் தாழ்வாகக் கண்ட ஊருக்குள் அதே உடலோடும் அதே பிறப்போடும் திரும்புகிறான். உயர்வு பெற வேண்டுமெனில் பிறப்பு மாற வேண்டும் என்னும் மூலக்கதையின் நிபந்தனையைப் பகடி நீக்கிவிடுகிறது. இந்நீக்கமே கிந்தனாரின் கருத்து மையம்.

வடிவ நிலையில் நோக்கும்பொழுது, கலைவாணர் பாகவதரின் முறையில் நின்று, அவர் குரலில் பாடி, அவர் நடையில் வசனம் பேசுகிறார். பேசும் பொருளோ கட்டியக்காரனுடையது. கதைசொல்லியின் நிலையையும் கட்டியக்காரனின் நாவையும் ஒருவரே பெறுகிறார். கூத்தில் அரசனின் கதை தொடர்ந்ததுபோல் இங்கு வேறெவருடைய கதையும் தொடர்வதில்லை. நகையே கதையாகிவிட்டதால் எள்ளலுக்கு விளைவு கிட்டுகிறது. அவ்விளைவுக்கான பொறுப்பும் பேசுபவர் ஒருவரையே சாரும். இன்று தனியாள் நகைச்சுவை எனப்படும் கலையின் அடிப்படை இலக்கணம் இதுவே.

‘ராஜா ராணி’ (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைத் தாமே பாடிச் சிரித்துக்காட்டும் பாடற்பகுதியையும் இவ்விடத்து எண்ணலாம். உடன்நடிப்பவரின் உதவியின்றி, சிரிப்பையே பொருளாக்கி அவையோர்முன் நிகழ்த்திய விளக்கவுரையாக அது அமைகிறது.

கிந்தனாரின் எல்லை

கலைவாணரைப் போற்றும் கட்டுரைகள் பலவும் கிந்தனாரின் எல்லைகளைத் தொடுவதில்லை. மூன்று எல்லைகளை இங்குச் சுட்டலாம். முதலாவது, கிந்தனின் விடுதலை தனிமனித விடுதலை. அவன் ஒருவன் அதிகாரியாகிறான். அவனோடு பிறந்த சேரி எவ்வாறு மாறுகிறது என்பதில் கதைக்கு அக்கறை குறைவு. இரண்டாவது, கிந்தனைப் பற்றிப் பேசுபவர் கிந்தன் அல்லர். பேராசிரியர் பகுத்த இரண்டாம் வகை எள்ளல், இகழப்பட்டவர் தாமே நகுவது. கிந்தனாரிலோ இகழப்பட்டவருக்காகப் பிறிதொருவர் நகுகிறார். பரிவு உண்மையானதே, எனினும் குரல் இரவல் குரலே. மூன்றாவது, நந்தனார் சரித்திரத்தை அறிந்த அவைக்கே பகடியின் முழுச்சுவையும் எட்டும். மூலத்தின் புகழைச் சார்ந்தே எதிர்ப்பு நிற்கிறது.

இவ்வெல்லைகள் கிந்தனாரின் மதிப்பைக் குறைப்பனவல்ல. அதன்பின் வருவோர் எவ்விடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதைக் காட்டுவன.

இன்றைய தனியாள் மேடை

2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’, சிற்றூர் இளைஞர் பலருக்குத் தனிமேடையைத் திறந்துவிட்டது. அங்குப் பலகுரல் திறன் முதன்மை பெற்றது. நகையின் இலக்கு பெரும்பாலும் திரைநடிகரின் பேச்சும் உடல்மொழியுமாக அமைந்தது. மறுபுறம், எஸ்.ஏ.அரவிந்தின் ‘மதராசி டா’ (2017) போன்ற நிகழ்வுகள் பெரிதும் ஆங்கிலத்தில் அமைந்து, தென்னிந்தியரைப் பற்றிய வடவர் பார்வையைக் கேலிக்குள்ளாக்கின. இகழ்ச்சியை இகழ்ந்தவரை நோக்கித் திருப்பும் எள்ளல் இது; ஆனால் மொழியால் அதன் அவை சுருங்கியது.

மென்பொருள் துறையிலிருந்து மேடைக்கு வந்த அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ (2019) இவ்விரு போக்குகளிலிருந்தும் வேறுபடுகிறது. தமிழ்த் திரையிசையைப் பாடியும், தம் இளமை நினைவுகளைச் சொல்லியும், கிளைக்கதையில் விலகி மீண்டும் முதன்மைக் கதைக்குத் திரும்பியும் அவர் அவையை நடத்துகிறார். இணையத் திரையில் காணும் இளைஞர் இதனைப் புதுமை என்பர். கதாகாலட்சேப அமைப்பை அறிந்தவர், பழைய வடிவம் தன் புதிய பொருளைக் கண்டுகொண்டதை இதில் உணர்வர். இவ்வடிவ ஒற்றுமை, கலைவாணரின் மேடைக்கும் இன்றைய மேடைக்கும் இடையே தொடர்ச்சி உண்டு என்பதற்குச் சான்றாகிறது.

வடிவம் தொடர்கிறது, உள்ளடக்கத்திலோ ஒரு விலகல் தென்படுகிறது. இன்றைய மேடையில் குடும்பம், அலுவலகம், பயணம், திரைப்படம் ஆகியன மிகுதியும் பேசப்படுகின்றன. பேசுபவர் தம்மையே எள்ளிக்கொள்ளும்பொழுது, அவரை அந்நிலைக்கு ஆளாக்கியவை பல வேளைகளில் கேள்விக்கு உள்ளாவதில்லை. இகழ்ச்சி ஏற்கப்பட்டு அடங்கிவிடுகிறது. கிந்தனாரின் இரண்டாம் எல்லையை, அதாவது இரவல் குரலை, இன்றைய மேடை கடந்துவிட்டது. தம் கதையைத் தாமே சொல்லும் உரிமை பெற்றவர் பலர் வந்துள்ளனர். ஆயின் கிந்தனார் பெற்றிருந்த இலக்கை அவர்களுள் பலர் இன்னும் பெறவில்லை.

முடிவுரை

தனியாள் நகைச்சுவை தமிழுக்குப் பெயரளவில் புதியது, கலையளவில் பழையது. பாரத விழாவின் பிரசங்கியாரும் கட்டியக்காரனும் தனித்தனியே கொண்டிருந்த ஆற்றல்களைக் கலைவாணர் ஒரு மேடையில் இணைத்தார். நாடகக்குழு, திரைப்பட இடைவெளி, சிறை ஆகியவற்றைக் கடந்து வந்த அவர் வாழ்க்கையே அவ்விணைப்புக்கான பயிற்சியாக அமைந்தது. பேராசிரியரின் எள்ளற்பகுப்பு, இக்கலையை மதிப்பிடத் தமிழிலேயே கருவி உண்டு என்பதைக் காட்டுகிறது. ஒரு நகைச்சுவையாளர் எத்தனை பேரைச் சிரிக்கவைத்தார் என்பதோடு, யாருடைய குரலில் பேசினார், அச்சிரிப்பு யாரை நோக்கித் திரும்பியது என்பனவும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

பாரத விழா நடைபெறும் ஊர்களின் கட்டியக்காரர்கள், அன்றன்றைய ஊர்ச்செய்தியைக் கொண்டு இரவுதோறும் உடனுக்குடன் புனையும் பேச்சு எழுத்தில் பதிவாவது அரிது. கூத்துப் பனுவல்களில் கட்டியக்காரன் பகுதி சுருக்கமாகவே காணப்படும். அவன் ஆற்றல் முழுதும் நிகழ்விலேயே உள்ளது. அப்பேச்சைப் பதிவுசெய்து, இன்றைய மேடைப் பேச்சோடு ஒப்பிடுவது, இக்கட்டுரை சுட்டும் தொடர்ச்சியை மேலும் சோதிக்க உதவும். முதிய கட்டியக்காரர்கள் கூத்தாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.