கழன்ற கேப்பும் சிமெண்ட் மேல் விழும் பழியும்

பல்லுக்குப் போட்ட கேப் கழன்று கையோடு வந்துவிட்டால், டாக்டரும் நோயாளியும் பெரும்பாலும் சிமெண்டைத்தான் குற்றம் சொல்கிறார்கள். "பழைய சிமெண்ட் போயிடுச்சு, புதுசா வச்சு ஒட்டிடலாம்" என்ற பேச்சோடு வேலை முடிகிறது. சில மாதங்களில் கேப் மறுபடி கையில்.

இந்தப் பழி பொருந்துமா என்று பார்க்க ஜிங்க் பாஸ்பேட்டிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பழைய சரக்கு அது. துத்தநாக ஆக்சைடு பவுடரைப் பாஸ்பாரிக் அமிலத்தில் குழைப்பார்கள். வேதியியல் கணக்கில் அது பல்லோடு ஒட்டுவதே இல்லை. பல்லிலும் கேப்பின் உட்புறத்திலும் இருக்கும் சொரசொரப்புக்குள் புகுந்து இறுகி, ஆப்பு வைத்ததுபோல் நிற்கும். அந்தச் சிமெண்டை நம்பி வைத்த உலோகக் கேப்புகள் பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்திருக்கின்றன. பல்லைச் செதுக்கிய விதம்தான் காரணம். எதிரெதிர்ச் சுவர்கள் ஏறக்குறைய இணையாக நின்று, கடைவாய்ப் பல்லில் நாலு மில்லிமீட்டர் உயரமாவது மிஞ்சினால் கேப் தானே பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் இடைவெளியை அடைத்தால் போதும். குட்டையாகவும் கூம்பாகவும் செதுக்கிய பல்லில் எந்தச் சாதாரணச் சிமெண்டை வைத்தாலும் தவணை வாங்குவதுதான்.

கேப்பை ஒட்டவும் சொத்தைக் குழியை அடைக்கவும் இன்று பரவலாகப் புழங்குவது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். டாக்டர்கள் சுருக்கமாக ஜிஐசி என்பார்கள். 1969-இல் லண்டனில் உள்ள அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கியது. கண்ணாடித் தூளை பாலிஅக்ரிலிக் அமிலம் அரிக்க, வெளியேறும் கால்சியமும் அலுமினியமும் அமிலச் சங்கிலிகளைப் பின்னி இறுக்குகின்றன. அதே அமிலம் பல்லிலுள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஜிங்க் பாஸ்பேட்டுக்கு வாய்க்காத நிஜமான ஒட்டு இது. சூட்டுக்கும் குளிருக்கும் ஏறத்தாழப் பல்லைப் போலவே விரிந்து சுருங்குவதால் ஓரங்களில் விரிசல் விடும் வாய்ப்பும் குறைவு.

இத்தனை நல்ல குணமும் கலக்கும் கையைப் பொறுத்தது. திரவப் புட்டியைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டுக்குள் காற்றுக்குமிழி ஏறும், அளவு குறையும். குழைத்த கலவை பளபளவென்று ஈரமாக மின்ன வேண்டும். அந்த மினுமினுப்பு இருக்கும்வரைதான் பல்லைப் பிடிக்க அமிலம் மிச்சமிருக்கிறது என்று பொருள். மங்கிய பிறகு வைத்தால் வெறும் களிம்பை அப்பியதாகிவிடும். கேப் எளிதாக உட்காரட்டும் என்று பவுடரைக் குறைத்து நீர்க்கக் கலப்பதும் நடக்கிறது. இறுகியபின் அது பலவீனமாகி எச்சிலில் கரையும். முதல் சில நிமிடங்களில் எச்சில் பட்டால் மேல்பரப்பு கெடும், அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ வெடிக்கும். அடைத்த கையோடு வாசலினோ வார்னிஷோ தடவுவது இதற்காகத்தான். நெரிசல் மிகுந்த கிளினிக்கில் முதலில் விட்டுப்போவதும் இந்த வேலைதான்.

ஜிஐசியிலிருந்து ஃப்ளோரைடு கசியும் என்பதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். கசிவது உண்மை. முதல் ஓரிரு நாளில் அதிகமாகவும் பிறகு மிகக் குறைவாகவும் கசியும். ஃப்ளோரைடு பேஸ்டால் பல் துலக்கும்போது ஓரளவு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அடைத்த பல்லின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழாது என்று அதை வைத்து உறுதி கொடுக்க முடியாது. ஆய்வு முடிவுகள் அந்த அளவுக்கு ஒருமுகமாக இல்லை.

அடைப்பதற்கான பொருளாக ஜிஐசியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் டிரில்லும் இல்லாத இடங்களில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறை பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் ஜிஐசியை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பால் பல்லுக்கும், ஈறோரத்துத் தேய்மானத்துக்கும் இதைவிடப் பொருத்தமான பொருளைச் சொல்வது கடினம். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, மெல்லும் அழுத்தம் முழுவதும் விழும் பெரிய குழியில் இதையே நிரந்தரமாக நம்புவது தவறு. நொறுங்கும் இயல்புடைய பொருள் இது. விலை குறைவு என்பதற்காக அங்கேயும் வைத்துவிட்டு, அது தற்காலிகம் என்று நோயாளியிடம் சொல்லாமல் விடுவதை நியாயப்படுத்த முடியாது.

கேப்பை ஒட்டுவதில் ரெசின் சிமெண்டின் பிடிப்பு ஜிஐசியைவிட வலுவானது. மெல்லிய செராமிக் கேப்புக்கும் குட்டைப் பல்லுக்கும் அது வேண்டும். ஆனால் பல் காய்ந்திருக்க வேண்டும், படிகள் அதிகம், பிதுங்கி வழிந்தது இறுகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இம்பிளாண்ட் கேப்பில் ஈறுக்கடியில் தங்கிவிட்ட சிமெண்ட் துணுக்கு, எலும்பையே கரைக்கும் அழற்சிக்கு வழிவகுக்கும்.

கழன்று வந்த கேப்பைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். சிமெண்ட் முழுதும் கேப்புக்குள் தங்கியிருந்தால் பல்லோடு பிடிப்பு விட்டிருக்கிறது: எச்சில் பட்டிருக்கலாம், கலவை மங்கியிருக்கலாம், உள்ளே சொத்தை பரவியிருக்கலாம். சிமெண்ட் பல்லிலேயே நின்றுவிட்டால் கேப்பின் உட்புறத்தைச் சரியாகத் தயார் செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் அடுத்த கலவையைக் குழைக்கத் தொடங்கும் டாக்டரிடம், செதுக்கிய பல்லின் உயரம் போதுமா என்று நோயாளி தாராளமாகக் கேட்கலாம்.