மரத்துக்குள் தெளியும் ஓசை

நன்றாக டியூன் செய்யப்பட்ட பவர் சா வெறுங்காற்றில் ஓடும்போது அழகாக ஒலிக்காது. ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தினால் சற்றே திக்கி, தொண்டை கரகரத்து, ஏதோ கோளாறு இருக்கிறதென்ற ஐயத்தை உண்டாக்கும் அந்த இயந்திரம், சங்கிலியின் பல் மரத்தில் இறங்கிய நொடியில் தெளிந்து ஒரே சீரான குரலுக்கு வந்துவிடும். காற்றிலேயே கணீரென்று பாடும் இயந்திரத்தைப் புதிதாக வாங்குவோர் மெச்சுவர். விஷயம் தெரிந்தவரோ, பிஸ்டன் அதிக நாள் தாங்காது என்று உடனே ஸ்விட்சை அணைத்துவிடுவார்.

மரக்காணம், வானூர், திண்டிவனம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளையும் சவுக்கு, பந்தல் காலாகவும் கட்டடச் சாரமாகவும் காகித ஆலைக்கான கூழ்மரமாகவும் போகிறது; முற்றிய சவுக்கு கனமும் கடினமும் மிக்கதாகையால், பேச்சில் ‘மரம் அறுக்கிற மெஷின்’ எனப்படும் பவர் சாவின் தரத்தை அதைவிடக் கண்டிப்பாகச் சோதிக்கும் மரம் இவ்வட்டாரத்தில் புளியைத் தவிர வேறில்லை எனலாம். மலிவான புது இயந்திரங்கள் கடைகளில் குவிந்து கிடக்கும் இக்காலத்திலும், ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் 1959இல் வெளியிட்ட கான்ட்ரா, அதே ஆண்டில் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கொண்டுவந்த தன் முதல் பவர் சா ஆகியவற்றின் வழிவந்த பழைய இயந்திரங்களைப் புதுப்பித்து ஓட்டுவதில் உலகெங்கும் பலருக்கு ஆர்வம் உண்டு. அந்த வேலையின் உச்சம் கார்புரேட்டரை டியூன் செய்வதுதான். மற்றவை பெரும்பாலும் பொறுமையைச் சார்ந்தவை.

காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் உறுப்பே கார்புரேட்டர். அதன் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைவதால் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, துளிகளாகச் சிதறிக் காற்றோடு சேர்கிறது. 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு கிண்ணமும் அதில் மிதக்கும் மிதவையும் காக்கின்றன. இந்த ஏற்பாடு சாயாத வண்டிக்குப் பொருந்துமேயன்றி, மரத்தின் அடியை அறுக்கப் பக்கவாட்டிலும் கிளையைக் கழிக்கத் தலைகீழாகவும் திருப்பப்படும் பவர் சாவுக்குப் பொருந்தாது. எனவே இதில் மிதவைக்குப் பதிலாக டயாப்ரம் என்னும் மெல்லிய சவ்வுகள் இரண்டு உள்ளன: ஒன்று இன்ஜினின் கிராங்க் அறையில் எழும் அழுத்தத் துடிப்பால் அசைந்து டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது, மற்றது, கழுத்தில் உறிஞ்சல் கூடக்கூட உள்வாங்கி, ஒரு நெம்புகோலை அழுத்தி, நீடில் எனப்படும் ஊசியைத் தூக்கித் தேவையான அளவை மட்டும் உள்ளே விடுகிறது.

பல ஆண்டு கிடப்பில் இருந்த இயந்திரத்தில் இச்சவ்வுகள் காய்ந்த வாழைச் சருகாக விறைத்திருக்கும். அவற்றை மாற்றாமலும், கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்களைச் சோதிக்காமலும் திருப்புளியைக் கையிலெடுப்பது வீண். ஏனெனில் தேய்ந்த சீல் வழியே ‘ஏர் எடுக்கும்’ இன்ஜினில் கலவை திருகின் சொல்லைக் கேட்பதில்லை. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பது மற்றொரு சிக்கல். எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால் பழைய அளவில் வைத்த திருகு இன்று பெட்ரோல் போதாத, அதாவது மெலிந்த, கலவையைத் தரும். பழைய ரப்பரையும் அது கெடுக்கும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், முண்டியம்பாக்கம் ஆலைக்கு வரிசைகட்டும் கரும்பு வண்டிகளைக் காண்போர்க்கு, இந்த எத்தனாலுக்குக் கரும்பும் ஒரு மூலப்பொருள் என்பது நினைவுக்கு வராமலிராது.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் பொதுவாக மூன்று திருகுகள் இருக்கும்: மெதுவேகக் கலவைக்கான எல், முழுவேகக் கலவைக்கான எச், ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கான ஐடிலிங் திருகு. எல், எச் இரண்டையும் வலிக்காமல் மூடி, ஒரு சுற்று திறந்து, இன்ஜினைச் சூடேற்றியபின், எல் திருகை இருபுறமும் மெல்ல அசைத்து இன்ஜின் மிக விரைவாக ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து சிறிதளவு திறந்து வைப்பர். வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே விட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். ஐடிலிங்கில் சங்கிலி நகரக்கூடாது என்பது பாதுகாப்பு விதி.

எச் திருகில்தான் செவி வேலை செய்ய வேண்டும். முழுவேகத்தில் சில நொடிகளே ஓடவிட்டு, திருகை மூடும் திசையில் திருப்பினால் ஓசை மெலிந்து, உயர்ந்து, விசில் போலாகும். திறக்கத் திறக்க அந்த விசில் ஓரிடத்தில் உடைந்து கரகரப்பாக மாறும். பெட்ரோல் மிகுந்த கலவை, பிஸ்டனின் ஒவ்வொரு சுற்றிலும் பற்றாமல் விட்டுவிட்டுப் பற்றுவதால், டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக் போல ஒலிப்பதே இக்கரகரப்பு. மரத்தில் அழுத்தியதும் சுமையால் வேகம் தணிய, மிகுதி நீங்கி, ஒவ்வொரு சுற்றும் ஒழுங்காகப் பற்றும். கையைச் சற்றே தளர்த்தினால் கரகரப்பு திரும்பும். அழுத்தத்துக்கேற்ப ஓசை இப்படிப் போய்வருவதே சரியான அளவுக்கு அடையாளம். மரத்துக்குள்ளும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம். வெளியிலும் கரகரக்காவிட்டால் குறைவு, அதுவே ஆபத்து. இவ்வகை இன்ஜினுக்கு உயவு பெட்ரோலில் கலந்த எண்ணெயிலிருந்துதான் கிடைக்கிறது; கலவை மெலிந்தால் வெப்பம் ஏறும் அதே வேளையில் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் ‘சீஸ்’ ஆகிச் சிலிண்டரோடு இறுகிவிடும். இதற்கு அஞ்சி 50:1 என்ற பெட்ரோல், எண்ணெய் விகிதத்தை 25:1 ஆக்கி எண்ணெயைக் கூட்டுவோர், அதனால் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மேலும் மெலிகிறது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எண்ணெயை மாற்றினால் திருகையும் மீண்டும் பார்த்தாக வேண்டும்.

ஒருமுறை வைத்த அளவு எக்காலத்துக்கும் உரியதன்று. சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் அப்போது பொருந்திய திருகு, மார்கழிக் காலையின் அடர்ந்த காற்றுக்குப் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது மரங்களை வீழ்த்தியதும் மார்கழியில்தான் என்பதை எண்ணினால், கோடையில் வைத்த திருகோடு நாள் முழுதும் ஓடும் இயந்திரத்தின் நிலை விளங்கும். மாறாக, கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத திண்டிவனத்தில் டியூன் செய்ததைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் மிகும். எச் திருகைச் சற்று மூட வேண்டும்.

பழைய கார்புரேட்டர்கள் சிலவற்றில், வேகம் எல்லை மீறும்போது கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிட்டு இன்ஜினை அடக்கும் கவர்னர் வால்வு உண்டு. அதுவும் ஏறத்தாழ இதே கரகரப்பையே எழுப்பும் என்பதால், தேர்ந்த செவியும் ஏமாறுவது இங்கேதான். இத்தகைய கார்புரேட்டரில் ஓசையை மட்டும் நம்பாமல், ஒரு கட்டையை முழுவேகத்தில் அறுத்து முடித்தவுடன் இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனை வெளிறிப் போகாமல் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தே திருகை விடுவர்.