மீண்டும் மீண்டும் படிக்கப்படும் ‘பொன்னியின் செல்வன்’: ஒரு நோக்கு

ஒரு நாவல் முதன்முறை படிக்கப்படுவதற்கும் பலமுறை படிக்கப்படுவதற்கும் காரணம் ஒன்றாக இருத்தல் இயலாது. முதன்முறை படிப்பவனை ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் ஆவல் இழுத்துச் செல்கின்றது. முடிவை அறிந்தவனிடம் அந்த ஆவல் இல்லை. எனினும் அவன் அதே நூலை மீண்டும் கையிலெடுக்கின்றான். தமிழிலே தலைமுறை தலைமுறையாக இவ்வாறு படிக்கப்பட்டு வரும் நாவல்களுள் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முதன்மையானது. அது ஏன் மீண்டும் படிக்கப்படுகின்றது, அப்படிப்பினால் வாசகர் பெறுவது யாது, இழப்பது யாது என்பன ஆராயத்தக்கன.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழிலே தொடர்கதையாக வெளிவந்த இந்நாவல் ஐந்து பாகங்களைக் கொண்டது. வாரந்தோறும் அதன் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துக் கட்டி வைத்த வீடுகள் பல. 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் அதற்குப் புதிய வாசகரைத் தேடிக் கொடுத்தன. இத்தகைய வரலாற்று நாவல்கள் பழம்பெருமையில் வாசகரை ஆழ்த்திச் சமகால வாழ்வின் முரண்பாடுகளை மறக்கச் செய்கின்றன என்பது முற்போக்கு விமர்சகரின் குற்றச்சாட்டு. அதிலே உண்மை உண்டு. உழுபவரும் நெய்பவரும் இந்நாவலில் பெரும்பாலும் பின்னணியாகவே நிற்கின்றனர். ஆயினும் பழம்பெருமை பேசிய வரலாற்றுத் தொடர்கதைகள் எத்தனையோ வெளிவந்தன. அவற்றுட் பல இன்று எடுப்பாரின்றிக் கிடக்கின்றன. எனவே பழம்பெருமை என்ற ஒன்றைக் கொண்டு இந்நாவலின் நிலைபேற்றை விளக்கிவிட முடியாது.

கதையின் கட்டமைப்பு அதற்கான முதற் காரணம் எனலாம். நாவலின் தொடக்கத்தில் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ஓரிரவு தங்குகின்றான். அங்கே சிற்றரசர்கள் நள்ளிரவிற் கூடிச் சதி செய்வதைக் காண்கின்றான். முதன்முறை படிப்பவனுக்கு இது விறுவிறுப்பான ஒரு சம்பவம் மாத்திரமே. ஆதித்த கரிகாலன் உயிரிழக்கப்போவதும் அதே மாளிகையில்தான் என்பதை அறிந்தவனுக்கோ அம்மாளிகையின் விருந்தும் சிரிப்பும் வேறு பொருள் தருகின்றன. ஆழ்வார்க்கடியான் முதலில் வாய்ச்சண்டைக்கு அலையும் வேடிக்கை மனிதனாகவே தோன்றுகின்றான். அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்பதைத் தெரிந்துகொண்டு மீண்டும் படிக்கும்போது அவனுடைய ஒவ்வொரு கேள்வியும் நோக்கமுடையதாகின்றது. நந்தினியோ முதல் வாசிப்பில் மயக்கி அழிக்கும் மோகினி. வீரபாண்டியனின் உயிருக்காக அவள் கரிகாலனிடம் மன்றாடியதும் அம்மன்றாட்டம் புறக்கணிக்கப்பட்டதும் தெரிந்த பின்னர், வஞ்சமும் துயரும் ஒன்றாகிவிட்ட ஒரு பெண்ணாக அவள் மாறிவிடுகின்றாள். மறுமுறை படிப்பவன் காண்பது அதே கதையையன்று.

இரண்டாவது காரணம், ஆசிரியர் விடுவிக்காது விட்ட முடிச்சு. கரிகாலனைக் கொன்ற கை எது என்பதை நாவல் ஐயத்திற்கிடமின்றிக் கூறவில்லை. இம்மௌனம் வரலாற்றிலிருந்தே பெறப்பட்டது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, கொலைத் துரோகிகளாக இரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்தம் உறவினரின் உடைமைகள் கைக்கொள்ளப்பட்டதைப் பதிவு செய்கின்றது. கொலையின் நோக்கத்தை அது கூறவில்லை. கல்வெட்டு நிறுத்திக்கொண்ட இடத்திலே கல்கி தொடங்குகின்றார். ஆயினும் தீர்ப்பைத் தாம் வழங்காது வாசகனிடம் விட்டுவிடுகின்றார். தீர்ப்புக் கூறப்படாத வழக்கை வாசகர் மீண்டும் மீண்டும் விசாரிப்பது இயல்பே.

மூன்றாவது காரணமே ஆழமானது. அரியணைக்காக எல்லோரும் போராடும் கதையில், அதனை அடைய வல்லவனே அதை மற்றொருவனுக்கு விட்டுக்கொடுக்கின்றான். இறுதிப் பாகத்திற்குத் ‘தியாக சிகரம்’ எனப் பெயரிட்டமையும் இதனாலேயே. சிற்றப்பன் ஆட்சியை விரும்பியதால் அருள்மொழி அதனை ஏற்கவில்லை என்ற செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டிலே காணப்படுகின்றது. அச்செப்பேடு அவன் மகன் இராசேந்திரன் காலத்தது; தந்தையைப் புகழும் நோக்குடையது. அரசவையின் புகழுரையைக் கல்கி மக்களின் வேட்கையாக மாற்றினார். அதிகாரம் கையில் வந்தபோதும் அதை மறுக்கத் தெரிந்த ஒருவனைக் காணும் வேட்கை அது. இந்திய சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகளே கழிந்திருந்த வேளையில் தொடங்கிய தொடர்கதையில் இவ்வேட்கை இடம்பெற்றமை வியப்பன்று. அது இன்றும் நிறைவேறாதிருப்பதே நூல் இன்றும் படிக்கப்படுவதன் இரகசியம் எனலாம்.

ஈழத்து வாசகரோ இந்நாவலின் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றைத் தனிக் கவனத்துடன் படித்தல் வேண்டும். அதிலே அருள்மொழி அநுராதபுரத்தின் சிதைந்த விகாரைகளைப் புதுப்பிக்கச் செய்கின்றான். பிக்குகள் அளிக்க முன்வரும் இலங்கை மணிமகுடத்தை மறுக்கின்றான். படிக்குந்தோறும் இனிக்கும் காட்சி இது. ஆயின் வரலாற்று இராசராசனின் படைகள் 993ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை அழித்தன. பொலநறுவை சோழராட்சியின் தலைநகராயிற்று. 1017இல், இராசேந்திரன் காலத்தில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதையும் விகாரைகள் சூறையாடப்பட்டதையும் சூளவம்சம் கூறுகின்றது. அதே வேளை, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றதையும், அதற்குத் தானங்கள் வழங்கப்பட்டதையும் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சூறையும் தானமும் ஒரே ஆட்சியின் இரு முகங்கள்.

மீண்டும் மீண்டும் படிக்கப்படும் நூலிலுள்ள ஆபத்தும் இங்கேதான் உள்ளது. ஒருமுறை படித்த கதை கதையாகவே நிற்கும். பத்து முறை படித்தது நினைவாக மாறிவிடும். நினைவோ விரைவில் வரலாற்றின் ஆசனத்தில் அமர்ந்துவிடும். சோழன் ஈழத்துக்கு அருளை மட்டுமே கொண்டுவந்தான் என்று ஒரு சாராரும், அழிவை மட்டுமே கொண்டுவந்தான் என்று மறு சாராரும் நம்பும் நாட்டில் இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. ஒருவர் நாவலைக்கொண்டும் மற்றவர் வம்சநூலைக்கொண்டும் தத்தம் முன்னோரைத் தூயவராக்கும்போது, வெல்கம் விகாரையின் கல்வெட்டுகளைப் படிக்க எவருமில்லாது போகின்றனர்.

இதனால் ‘பொன்னியின் செல்வ’னை ஒதுக்கிவிட வேண்டும் என்பது கருத்தன்று. வரலாறு எவ்வாறிருந்தது என்பதைவிட, வரலாறு எவ்வாறிருந்திருக்க வேண்டுமென மக்கள் விரும்பினர் என்பதற்கே அது சான்றாகின்றது. வென்றவன் விகாரையைப் புதுப்பிக்க வேண்டும், வல்லவன் மகுடத்தை மறுக்க வேண்டும் என்ற விருப்பம் இழிவானதன்று. அதனை நடந்ததாகக் கொள்ளாது, நடக்க வேண்டியதாகக் கொண்டு படிக்கும் வாசகனுக்கு, எத்தனை முறை படித்தாலும் அந்நூல் பயனுடையதாகவே அமையும்.