மறைவதும் பணிவதும்

‘நிலத்தோடு ஒன்றிய கட்டடம்’ என்பது கட்டடக்கலை பற்றி எழுதுவோர் இன்று தாராளமாக வழங்கும் பாராட்டு. நார்வே, சுவீடன் ஆகிய வடபுல நாடுகளில் காட்டிலும் ஆற்றங்கரையிலும் எழுந்துள்ள பயணியர் விடுதிகள் இப்பாராட்டைப் பெரிதும் பெற்றுள்ளன. ஆனால் ஒன்றுவது என்பது யாது? கண்ணுக்குத் தென்படாமல் மறைவதா? நிலத்தின் இயல்புக்குப் பணிந்து நிற்பதா? இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் வேறு வேறானவை. இவ்வேறுபாட்டை மூன்று விடுதிகளைக் கொண்டு ஆராய்வது பயனுடையது.

சுவீடனின் வடபகுதியில் ஹராட்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள மரவிடுதியில் 2010ஆம் ஆண்டு ‘கண்ணாடிக் கனசதுரம்’ ஒன்று அமைந்தது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 4 மீட்டர். ஒரு மரத்தண்டைச் சுற்றி அலுமினியச் சட்டமிட்டு, சுவர்களெங்கும் கண்ணாடி பதித்துள்ளனர். சுற்றியுள்ள காடும் வானமும் அதில் தெரிவதால் வீடு இருப்பதே புலப்படுவதில்லை. வடிவமைத்தோரின் திறமை வியப்புக்குரியது. எனினும் மனிதக் கண்ணுக்கு இன்பமான இம்மறைவு பறவைகளுக்கு ஆபத்தாகும். கண்ணாடியில் தெரியும் வானத்தை மெய்வானமென நம்பி அவை மோதக்கூடும். ஆதலால் பறவைகளுக்கு மட்டும் தென்படும் மெல்லிய படலம் ஒன்றைக் கண்ணாடியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒளிந்துகொள்ளும் கலையின் எல்லை இங்கே வெளிப்படுகிறது. நம் பார்வைக்கு அழகாயிருப்பது மட்டும் நிலத்தோடு ஒன்றுவதாகாது.

இதே மரவிடுதியில் 2022இல் எழுந்த மற்றோர் அறை எதிர்த்திசையில் செல்கிறது. அதன் புறத்தே ஏறத்தாழ 350 பறவைக்கூடுகளைப் பொருத்தியுள்ளனர். அது மறையவே முயலவில்லை. மரங்களிடையே பளிச்செனத் தெரிகிறது. ஆயினும் அங்கு வாழும் உயிர்களுக்கு அது இடமளிக்க முன்வருகிறது. மறைவினும் இதுவே மேலான உறவெனக் கருதுகிறேன்.

நார்வேயின் வால்டால் பள்ளத்தாக்கிலுள்ள யூவெட் விடுதி இன்னும் ஆழமான பாடம் கற்பிக்கிறது. யென்சன், ஸ்கோட்வின் என்னும் கட்டடக் கலைஞர்கள் ஒரே பெருங்கட்டடம் எழுப்பவில்லை. முதலில் ஏழு சிற்றறைகளைத் தனித்தனியே மரத்தால் அமைத்தனர். பாறையை வெடிவைத்துத் தகர்க்கவில்லை. மண்ணைச் சமன்செய்யவும் இல்லை. பாறையில் துளையிட்டு, 40 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுக் கம்பிகளை நட்டு, அவற்றின்மேல் அறைகளை நிறுத்தினர். பாசியும் மரமும் பெரும்பாலும் இருந்தவாறே இருக்கின்றன. அறைக்குள் கண்ணாடியில் எதிரொளி குறையும்படி உட்சுவர்களுக்குக் கருநிறம் கலந்த எண்ணெய் பூசினர். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறை தெரியாது. ஆறோ பாறையோ மரமோ மட்டுமே தெரியும்.

இவ்விடுதியைப் பிறர் புகழ்வது அதன் காட்சிக்காக. நான் மதிப்பது அந்தக் கம்பிகளை. நாளை இவ்வறைகளை அகற்றினால் பாறையில் எஞ்சுவன சில துளைகளே. நல்ல விருந்தினரின் இலக்கணமும் இதுவன்றோ? வந்த வீட்டின் தூண்களைத் தம் வசதிக்காக இடம் மாற்றுவோரை நாம் விருந்தினர் என்போமா?

மூன்றாவது, சுவீடனின் யூகாஸ்யார்வி சிற்றூரிலுள்ள பனிக்கட்டி விடுதி. டோர்னே ஆற்றின் பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் குளிர்காலந்தோறும் புதிதாய்க் கட்டுகின்றனர். இளவேனிலில் அது உருகி ஆற்றுக்கே திரும்புகிறது. தன் முடிவை ஏற்றுக்கொண்ட கட்டடம் என்பதே அதன் தனிச்சிறப்பு. 2016 முதல் அதன் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் உருகாமல் காக்கின்றனர். கோடையில் நள்ளிரவிலும் மறையாத கதிரவனின் ஆற்றலே குளிரூட்டப் பயன்படுகிறது. பொறியியல் நோக்கில் இது பாராட்டத்தக்கது. ஆனால் உருகுவதே அழகாயிருந்த ஒன்றை உருகாமல் நிறுத்தியதில் ஏதோ ஒன்றை இழந்தோம் என்றே தோன்றுகிறது.

இனி இம்மூன்றுக்கும் பொதுவான ஓர் ஐயம். எத்துணைப் பணிவோடு கட்டினும், அவ்விடுதியைத் தேடித் தொலைநாட்டார் வானூர்தியில் பறந்து வருகின்றனர். யூவெட் விடுதி 2015இல் வெளியான ‘எக்ஸ் மெஷினா’ திரைப்படத்தில் இடம்பெற்றதால் உலகறிந்ததாயிற்று. அமைதிக்கென எழுந்த இல்லம் அவ்வமைதியாலேயே புகழடைந்தது. புகழ் கூட்டத்தை அழைக்கும். கட்டடம் மண்ணைக் காத்தாலும் அதனை அடையும் பயணம் எரிக்கும் எரிபொருளை எஃகுக் கம்பிகள் ஈடுசெய்யா. இப்பழியைக் கட்டடக் கலைஞர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. பயணியருக்கும் அதில் பங்குண்டு.

வடபுலத்தில் துருவமான் மேய்த்து வாழ்ந்த சாமி என்னும் பழங்குடியினர், மந்தையோடு இடம்பெயரும்போது கழிகளும் போர்வையும் கொண்ட கூடாரத்தில் தங்கினர். அதனைப் பிரித்துச் சென்றபின் எஞ்சியது அடுப்புக் கற்களின் வட்டம் மட்டுமே. அவர்களுக்கு அது அழகியல் கொள்கையன்று, வாழ்க்கை முறை. இன்றைய கலைஞர்கள் அரிதின் முயன்று அடைவதை அவர்கள் இயல்பாகவே செய்தனர்.

எனவே இத்தகைய விடுதிகளை மதிப்பிடுகையில், ‘எவ்வளவு மறைந்திருக்கிறது?’ எனக் கேளாது, ‘சென்றபின் என்ன எஞ்சும்?’ எனக் கேட்போமாக. இக்கேள்வி கட்டடத்துக்கு மட்டும் உரியதன்று; அங்கே ஓரிரவு தங்கித் திரும்பும் நமக்கும் உரியது.